தசைக்கு முன்னால் நரம்பு

ராசிபுரத்தில் என் சித்தப்பா ஜவ்வரிசி வாங்கி விற்றுக்கொண்டிருந்தார். பள்ளி விடுமுறை நாட்களில் அவருடைய குடோனில்தான் என் பகல் போகும். சேலம், நாமக்கல் வட்டாரத்தில் ஜவ்வரிசி மூட்டை என்றால் 90 கிலோ. விலை பேசுவதும் அந்தக் கணக்கில்தான். லாரி வந்து நின்றதும் இரண்டு பேர் சாக்கின் இரு முனைகளையும் பிடித்து எழுப்புவார்கள். மூன்றாவது ஆள் குனிந்து முதுகைக் கொடுப்பார். மூட்டை பின்கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் வந்து உட்கார்ந்ததும் நாலைந்து சின்ன அடி, அப்புறம் லாரிக்குச் சாய்த்துப் போட்ட பலகை மேல் ஏற்றம். பலகை வளைந்து வளைந்து நிமிரும்.

அங்கே ஒரு லோடுமேன் அண்ணன் இருந்தார். ஐம்பதைத் தாண்டியவர், அவர் எடையே அறுபது கிலோ தேறாது. கை மெலிந்து, முழங்கைக்குக் கீழே நரம்பு புடைத்துத் தெரியும். சித்தப்பா மகன் அப்போது சேலத்தில் கல்லூரியில் படித்துக்கொண்டே ஜிம்முக்குப் போய்வந்தான். தரையில் கிடக்கும் 100 கிலோ இரும்பை இடுப்புவரை தூக்குகிறவன். ஒருநாள் ஆசைப்பட்டு முதுகைக் கொடுத்தான். மூட்டை உட்கார்ந்த கணத்தில் முழங்கால் ஆடியது, இரண்டாவது அடியில் மூட்டை ஒரு பக்கமாகச் சரிந்தது. அண்ணன் ஓடிவந்து தாங்கிக்கொண்டார்.

"கையில வாங்காத கண்ணு. இடுப்புல வாங்கு. தம்ம விட்றாத."

அவன் தசை அவருடையதைவிடப் பெரியது. அதைக் கண்ணாலேயே பார்க்க முடிந்தது. அப்படியானால் அவரிடம் இருந்த பலம் எங்கே இருந்தது? பல வருடம் கழித்து உடலியக்க அறிவியல் படிக்க உட்கார்ந்தபோதுதான் எனக்கு விடை கிடைத்தது. அவருக்கு அந்த விடை ஏற்கெனவே தெரியும். அவர் சொன்ன மூன்று சின்ன வாக்கியங்களில் அதில் பாதி இருக்கிறது.

தசை தானாக எதையும் தூக்குவதில்லை, அதற்கு உத்தரவு வர வேண்டும். அந்த உத்தரவு தண்டுவடத்தில் இருக்கும் ஒரு நரம்புச் செல்லிலிருந்து கிளம்புகிறது. அதன் வால் போன்ற நீண்ட இழை தசைக்குள் போய்ப் பல கிளைகளாகப் பிரிந்து, ஒவ்வொரு கிளையும் ஒரு தசைநாரைத் தொடுகிறது. ஒரு நரம்புச் செல்லும் அதன் பிடியில் இருக்கும் நார்களும் சேர்ந்ததுதான் இயக்க அலகு. 1925-ல் லிடெல், ஷெரிங்டன் என்ற இரண்டு ஆங்கிலேய அறிஞர்கள் இதற்குப் பெயர் சூட்டினார்கள்.

குடோன் பாஷையில் சொன்னால் நரம்புச் செல் ஒரு மேஸ்திரி, நார்கள் அவருடைய ஆட்கள். மேஸ்திரி குரல் கொடுத்தால் அவருடைய ஆட்கள் மொத்தமும் இழுப்பார்கள். பாதிப் பேர் இழுத்து மீதிப் பேர் நிற்பது இங்கே கிடையாது. கண்ணை உருட்டும் தசையில் ஒரு மேஸ்திரிக்குப் பத்து ஆள் இருந்தால் அதிகம். கெண்டைக்கால் தசையில் ஒருவருக்கு ஆயிரம் பேருக்கு மேல் இருப்பார்கள். நுணுக்கமான வேலைக்குச் சின்ன கூட்டம், பாரத்துக்குப் பெரிய கூட்டம்.

யார் முதலில் அழைக்கப்படுவார்கள் என்பதிலும் ஓர் ஒழுங்கு உண்டு. அமெரிக்க உடலியங்கியல் அறிஞர் எல்வுட் ஹென்னிமன் 1950-களிலும் 60-களிலும் அதைக் கண்டுபிடித்தார். சின்ன மேஸ்திரிகள் முதலில், பெரிய மேஸ்திரிகள் கடைசியில். சின்ன கூட்டத்தின் நார்கள் மெல்ல இழுக்கும், ஆனால் மணிக்கணக்கில் தளராது. பெரிய கூட்டம் வேகமாகவும் பலமாகவும் இழுத்துவிட்டுச் சீக்கிரம் ஓய்ந்துவிடும். டீ கிளாஸைத் தூக்கும்போது சின்ன கூட்டம் மட்டும் வேலை செய்கிறது. பாரம் ஏற ஏற ஒவ்வொரு கூட்டமாக வந்து சேரும். 90 கிலோ முதுகில் விழும்போது எல்லோரும் வந்தாக வேண்டும்.

ஆளைச் சேர்ப்பது ஒரு வழி. மேஸ்திரி எத்தனை முறை குரல் கொடுக்கிறார் என்பது இன்னொரு வழி. ஒரு குரலுக்கு நார் ஒரு தடவை துடித்து அடங்கும். அடங்குவதற்குள் அடுத்த குரல் வந்தால் துடிப்பின் மேல் துடிப்பு ஏறி இழுவிசை உயரும். மெல்லப் பிடிக்கும்போது நொடிக்கு எட்டு, பத்து குரல், முழு பலத்தில் இழுக்கும்போது முப்பது, நாற்பது. எட்கர் ஏட்ரியனும் டெட்லெவ் பிராங்கும் 1929-ல் மெல்லிய ஊசியைத் தசைக்குள் செலுத்தி இந்தத் துடிப்பை ஒலிபெருக்கியில் கேட்டார்கள். பிடியை இறுக்க இறுக்கத் தட்டல்கள் நெருங்கி வந்தன. ஏட்ரியனுக்கும் ஷெரிங்டனுக்கும் 1932-ல் நோபல் பரிசு சேர்ந்தே கிடைத்தது. மனித உடலுக்குள் நடக்கும் உரையாடலைக் காதால் கேட்ட அந்த அறையில் நானும் இருந்திருக்கக் கூடாதா என்று பலமுறை ஏங்கியிருக்கிறேன்.

இப்போது பயிற்சிக்கு வருவோம். ஜிம்மில் புதிதாகச் சேரும் எல்லோருக்கும் ஓர் அனுபவம் உண்டு. முதல் நாள் 20 கிலோவுக்கே கை நடுங்கும். மூன்று வாரத்தில் 30 கிலோ தூக்கிவிடுவோம், கண்ணாடியில் பார்த்தால் கை அதே கைதான். எனக்கும் அப்படித்தான் இருந்தது. சட்டைக் கையில் கொஞ்சமும் இறுக்கம் இல்லை, எடை மட்டும் ஏறிக்கொண்டே போனது.

1979-ல் மோரிடானி, டிவ்ரீஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதை அளந்து பார்த்தார்கள். எட்டு வாரம் முழங்கையை மடக்கும் தசைக்குப் பயிற்சி கொடுத்து, தசையின் பருமனையும் அதில் ஓடும் மின்னோட்டத்தையும் அவ்வப்போது குறித்துக்கொண்டார்கள். முதல் சில வாரங்களில் பலம் கூடியதற்குப் பெரும்பாலும் மின்னோட்டம் கூடியதுதான் காரணம். தசை பருத்ததன் பங்கு அதற்குப் பிறகே மெல்ல முன்னுக்கு வந்தது. அந்த ஆய்வில் இன்னொரு விஷயமும் இருந்தது. பயிற்சியே கொடுக்காத மற்றொரு கைக்கும் பலம் கூடியிருந்தது. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

மின்னோட்டம் கூடியது என்றால் உள்ளே என்ன மாறியது? நீண்ட காலம் இது ஊகமாகவே இருந்தது, ஏனென்றால் மின்னோட்டத்தை அளக்கத் தோல் மேல் ஒட்டும் பட்டை எல்லாக் கூட்டத்தின் இரைச்சலையும் கலந்துதான் காட்டும். இன்று ஒரே இடத்தில் பல சிறு பட்டைகளை ஒட்டி, இரைச்சலிலிருந்து தனித்தனி மேஸ்திரியின் குரலைப் பிரித்தெடுக்கிறார்கள். டெல் வெக்கியோவும் கூட்டாளிகளும் 2019-ல் வெளியிட்ட ஆய்வில், வெறும் நான்கு வாரப் பயிற்சிக்குப் பிறகு அதே மேஸ்திரிகள் முன்னைவிடக் குறைந்த பாரத்திலேயே களத்தில் இறங்கினார்கள், குரலும் அடிக்கடி கொடுத்தார்கள். ஆள் அதே ஆள். அழைப்பு மட்டும் மாறிவிட்டது.

இன்னொரு மாற்றமும் நடக்கிறது. பழக்கமில்லாதவர் முழங்கையை மடக்கும்போது, நீட்டும் தசையும் பயத்தில் கூடவே இறுகும். ஒரே சமயத்தில் வண்டியை ஓட்டிக்கொண்டு பிரேக்கையும் மிதிப்பது போல. பயிற்சியில் இந்த வீண் இறுக்கம் தளர்கிறது. எந்தத் தசை எப்போது இழுக்க வேண்டும், எது விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற வரிசை படிகிறது. இந்த வரிசை வேலைக்கு வேலை வேறுபடும். இங்கிலாந்தில் ரதர்ஃபோர்டும் ஜோன்ஸும் 1986-ல் வெளியிட்ட ஆய்வில், முழங்காலை நீட்டி எடை தூக்கப் பயிற்சி எடுத்தவர்கள் தூக்கும் எடை வெகுவாக உயர்ந்தது. அதே தசையை அசையாத கருவியில் கட்டி இழுக்கச் சொன்னபோது கூடியிருந்தது கொஞ்சம்தான். அவர்கள் பெரும்பாலும் கற்றது அந்த ஒரு தூக்கலை.

சித்தப்பா மகனின் முழங்கால் ஏன் ஆடியது என்பதற்கு இதுவே விடை. இரும்புத் தண்டு கையில் நிற்கும், சரியாது. மூட்டைக்குள் ஜவ்வரிசி ஓடும், பாரத்தின் நடு ஒவ்வோர் அடிக்கும் இடம் மாறும். முப்பது வருடமாக அந்த ஓட்டத்தை முதுகால் கேட்டுக்கொண்டிருந்தவர் அண்ணன். 'இடுப்புல வாங்கு' என்றால் பாரத்தை முதுகெலும்புக்கு நேராக நிறுத்தித் தொடைக்கும் புட்டத்துக்கும் அனுப்பு என்று பொருள். 'தம்ம விட்றாத' என்றால் மூச்சைப் பிடித்து வயிற்றுச் சுவரை இறுக்கி, முதுகுத்தண்டுக்கு முன்னால் ஒரு காற்றுத்தூண் எழுப்பு என்று பொருள். பளு தூக்கும் வீரர்களுக்கும் பயிற்சியாளர்கள் இதைத்தான் சொல்லித்தருகிறார்கள். (இரத்த அழுத்தம் இருப்பவர்கள் மூச்சை அடக்கித் தூக்கக் கூடாது. அந்த நொடிகளில் அழுத்தம் மிகக் கடுமையாக ஏறும்.)

இந்த இடத்தில் மனதிலிருப்பதைச் சொல்லாமல் தாண்ட முடியவில்லை. ஆண் ஒருவர் தூக்கும் பாரம் 55 கிலோவைத் தாண்டக் கூடாது என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967-லேயே பரிந்துரைத்தது. சுமை எடை குறித்த அதன் உடன்படிக்கையை இந்தியா 2010-ல் ஏற்றது. சிமெண்டும் அரிசியும் 50 கிலோ சாக்குக்கு வந்துவிட்டன. 90 கிலோ மூட்டையைத் தூக்கும் திறமையை நான் வியக்கிறேன். அந்த எடையை எந்த முதுகின் மேலும் ஏற்றக் கூடாது என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. நரம்பு எவ்வளவு கற்றாலும் முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் தட்டு எதையும் கற்பதில்லை, தேயத்தான் செய்யும்.

நரம்பு கற்பதற்கு வயது தடையில்லை என்பதற்கு 1990-ல் பாஸ்டனிலிருந்து ஒரு சான்று வந்தது. மரியா ஃபியாட்டரோனும் குழுவும் முதியோர் காப்பகத்தில் இருந்த, சராசரியாக 90 வயதானவர்களுக்கு எட்டு வாரம் கடுமையான பளுப் பயிற்சி கொடுத்தார்கள். முடித்தவர்களின் தொடைத் தசைப் பரப்பு சராசரியாக 9 சதவீதம் கூடியது. பலம் கூடியது 174 சதவீதம். இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், நடுவில் இருக்கும் இடைவெளிதான் இந்த அத்தியாயம். நம் வீடுகளில் அறுபது வயதான அம்மாவைக் குடத்தைத் தொடவிடுவதில்லை. அன்பினால்தான் செய்கிறோம். ஆனால் நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழும் பலத்தையும் அந்த அன்பு கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டு போகிறது.

பலம் என்றால் எவ்வளவு என்று மட்டும் கேட்டால் போதாது, எவ்வளவு சீக்கிரம் என்றும் கேட்க வேண்டும். அதற்குச் சேலம் மாவட்டத்திலேயே ஒரு கால் இருக்கிறது. ஓமலூர் பக்கம் பெரியவடகம்பட்டியில் பிறந்த மாரியப்பன் தங்கவேலுவின் இடது கால். ஐந்து வயதில் பேருந்துச் சக்கரம் ஏறியதில் வலது கால் முழங்காலுக்குக் கீழே சிதைந்துபோனது. 2016-ல் ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். டோக்கியோவில் 1.86 மீட்டருக்கு வெள்ளி, 2024-ல் பாரிஸில் 1.85 மீட்டருக்கு வெண்கலம். அடுத்தடுத்து மூன்று பாராலிம்பிக்கிலும் பதக்கம்.

உயரம் தாண்டுகிறவரின் பாதம் கடைசியாகத் தரையைத் தொட்டு எம்புகிற நேரம் ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்குகூட இருக்காது. தொடைத் தசை ஓய்விலிருந்து முழு இழுவிசைக்கு ஏற 0.3 நொடியோ அதற்கு மேலோ தேவைப்படும். முழு பலமும் வந்து சேர்வதற்குள் கால் தரையை விட்டுவிடும். எனவே உச்ச பலம் எத்தனை என்பதைவிட, முதல் 0.1, 0.2 நொடிக்குள் எவ்வளவு எழுகிறது என்பதில்தான் வெற்றி இருக்கிறது. ஓடிவந்து காலை ஊன்றும்போது முழங்கால் சற்றே மடங்கித் தசையை நீட்டும். நீளும் தசையால் சுருங்கும் தசையைவிட அதிக விசையைத் தாங்க முடியும். அந்தத் தாங்கலும், நாண் இழுபட்ட வில்போல் விறைக்கும் தசைநாணும் சேர்ந்துதான் உடலை மேலே எறிகின்றன.

இந்த முதல் கணத்தைப் பயிற்சியால் மாற்ற முடியுமா? பெல்ஜியத்தில் வான் கட்செம், டுஷாட்டோ, எனோ ஆகிய மூவரும் முடியும் என்று 1998-ல் காட்டினார்கள். பாதத்தை மேல்நோக்கி மடக்கும் தசையை, மிதமான பளுவோடு முடிந்த அளவு வேகமாக இழுக்க 12 வாரம் பழக்கினார்கள். இழுப்பின் தொடக்கத்தில் மேஸ்திரி இரண்டு குரலை ஒட்டி ஒட்டிக் கொடுப்பது உண்டு, இடைவெளி ஒரு நொடியில் இருநூறில் ஒரு பங்குதான். பயிற்சிக்கு முன்னால் 100 அலகுகளில் சுமார் 5 மட்டுமே இப்படி இரட்டைக் குரல் கொடுத்தன. பயிற்சிக்குப் பின் சுமார் 33. தூக்கும் எடை குறைவாக இருந்தாலும், வேகமாகத் தூக்க வேண்டும் என்ற முனைப்போடு தூக்குவது நரம்புக்கு வேறொரு பாடம். கபடி ஆடும் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். மூச்சு முட்ட நூறு பஸ்கி போடுவது தாக்குப்பிடிக்கக் கற்றுக்கொடுக்கும். கோட்டைத் தொட்டுத் திரும்பும் அந்த ஒரு பாய்ச்சலுக்கு, நன்றாக ஓய்வெடுத்துவிட்டுப் போடும் ஐந்து துள்ளல்கள் மேல்.

களைப்பு என்பது என்ன? இத்தாலியின் டூரின் நகரத்தில் ஏஞ்சலோ மோஸ்ஸோ ஒரு கருவி செய்தார். கையைக் கட்டிவைத்து, நடுவிரல் மட்டும் ஒரு எடையை மீண்டும் மீண்டும் இழுக்கும், ஒவ்வோர் இழுப்பும் சுழலும் தாளில் கோடாக விழும். கோடுகள் குட்டையாகிக் குட்டையாகி நின்றுபோகும். 1891-ல் வெளியான அவருடைய களைப்பு பற்றிய நூலில் என்னை உலுக்கிய பகுதி ஒன்று உண்டு. மாணவர்களுக்கு வாய்மொழித் தேர்வு நடத்திய பேராசிரியரின் விரல் அன்று மாலை வெகு சீக்கிரம் ஓய்ந்துபோனது. விரல் அன்று எந்த வேலையும் செய்யவில்லை. இரவு முழுக்க ஓட்டிவிட்டு விடியற்காலை நாமக்கல் வந்து இறங்கும் லாரி டிரைவர், தார்ப்பாய்க் கயிற்றை அவிழ்க்கக் கை வரவில்லை என்று சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். அது சோம்பல் இல்லை.

களைப்பு இரண்டு இடங்களில் நடக்கிறது. ஒன்று தசைக்குள். நார் சுருங்க வேண்டுமென்றால் உள்ளே சேமிப்பறையிலிருந்து கால்சியம் வெளியே பாய வேண்டும். கடும் வேலையில் எரிபொருள் உடைந்து பாஸ்பேட் குவியும்போது அந்தப் பாய்ச்சல் குறைகிறது, நார்களின் பிடியும் தளர்கிறது. லாக்டிக் அமிலம்தான் களைப்புக்குக் காரணம் என்று பாடப்புத்தகங்கள் வெகுகாலம் சொல்லிவந்தன. இன்று அந்தக் குற்றச்சாட்டு பெரும்பாலும் கைவிடப்பட்டுவிட்டது. இன்னொரு இடம் மூளையும் தண்டுவடமும். 1954-ல் லண்டனில் பேட்ரிக் மெர்ட்டன் செய்த சோதனை எளிமையானது. ஒருவர் முழு மூச்சாக இழுத்துக்கொண்டிருக்கும்போதே நரம்பில் ஒரு மின்னதிர்ச்சி கொடுக்க வேண்டும். கூடுதல் விசை ஏதும் எழாவிட்டால் மூளை எல்லாவற்றையும் கொடுத்துவிட்டது, எழுந்தால் இன்னும் கையிருப்பு இருக்கிறது. மெர்ட்டன் சோதித்த கட்டைவிரல் தசையில் கையிருப்பு ஏதும் தெரியவில்லை. பின்னால் வந்தவர்கள் இதே முறையில் பல தசைகளைச் சோதித்து, களைக்கக் களைக்க மூளையின் குரலும் சன்னமாவதைக் கண்டார்கள்.

அந்தக் கையிருப்பைக் கிளப்ப ஒரு சத்தம் போதும். 1961-ல் இக்காயும் ஸ்டைன்ஹவுஸும் நடத்திய சோதனையில், இழுப்பவர் தானே உரக்கக் கத்தியபோது விசை பத்து சதவீதத்துக்கு மேல் கூடியது. தேர் வடம் பிடிக்கும்போது எழும் கூச்சலும், பாரம் எழும்பும் நொடியில் குடோனில் ஒருமிக்க வரும் "ஏய்!" என்ற குரலும் வெறும் உற்சாகத்துக்கு மட்டும் இல்லை.

மறுநாள் வரும் வலி வேறு சங்கதி. கொல்லிமலையில் ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேல் படி இறங்க வேண்டும், திரும்ப ஏற வேண்டும். ஏறும்போது மூச்சு வாங்கும், அன்றே தீர்ந்துவிடும். இரண்டு நாள் கழித்தும் தொடையைத் தொடவிடாமல் வலிப்பது பெரும்பாலும் இறங்கியதன் கணக்கு. ஒவ்வொரு படியிலும் தொடைத் தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்கியதால் நார்களுக்குள் நுண்ணிய சேதம். இரண்டு வாரத்தில் மறுபடி போனால் வலி பாதிகூட இருக்காது. தசை அதற்குள் தன்னைச் செப்பனிட்டுக்கொண்டிருக்கும்.

பாரமே இல்லாத வேலையில் வரும் களைப்பைப் பற்றி யாரும் அக்கறைப்படுவதில்லை. சேலம் செவ்வாய்ப்பேட்டையில், சிவதாபுரத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளில் காலை முதல் இரவு வரை குனிந்து உட்கார்ந்து சலங்கை பற்றவைப்பவர்களின் கையில் சில கிராம்தான் இருக்கும். தோளும் பின்கழுத்தும் கல்லாகிக் கிடக்கும். ஹென்னிமன் சொன்ன ஒழுங்கை நினைத்துப் பாருங்கள். சின்ன மேஸ்திரிதான் முதலில் அழைக்கப்படுகிறார், கடைசியில்தான் விடுவிக்கப்படுகிறார். லேசான வேலையில் பெரிய கூட்டம் வரவே வராது, அந்தச் சின்ன கூட்டமே நாள் பூராவும் இழுத்துக்கொண்டிருக்கும். ஸ்வீடனின் யோரான் ஹாக் 1991-ல் இந்தக் கருதுகோளுக்கு, விடியும் முன் எழுந்து எல்லோருக்கும் பின் படுத்த சிண்டரெல்லாவின் பெயரை வைத்தார். மணிக்கொரு முறை எழுந்து கையைத் தொங்கவிட்டு நிற்கும் இரண்டு நிமிடம் அந்தச் சின்ன கூட்டத்துக்குக் கிடைக்கும் ஒரே ஓய்வு. வாரம் மூன்று நாள் தோளுக்குக் கொஞ்சம் பளுப் பயிற்சியும் சேர்ந்தால், அதே வேலை அந்தத் தசையின் திறனில் இன்னும் சிறிய பங்காக ஆகிவிடும்.

பயிற்சி கொடுக்காத கைக்குப் பலம் வந்த கதைக்குத் திரும்புகிறேன். 1894-ல் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்கிரிப்சரும் உடனிருந்தவர்களும் முதலில் இதைப் பதிவு செய்தார்கள். வலது கைக்குப் பழக்கினால் இடது கைக்கும் பலத்தில் ஒரு பங்கு போகிறது. தசை பருப்பதில்லை. இரு கைகளுக்கும் உத்தரவு அனுப்பும் மூளைப் பகுதிகள் ஒன்றிடமிருந்து ஒன்று கற்றுக்கொள்கின்றன.

நான் படிப்பை முடித்த வருடம் அண்ணன் பலகையிலிருந்து விழுந்து இடது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். மாவுக்கட்டோடு குடோன் வாசலில் உட்கார்ந்திருந்தார். வேலை இல்லாத கை மெலிந்துபோய்விடும் என்ற பயம் அவர் முகத்தில் இருந்தது. அவருக்குக் கட்டுப்போட்ட மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, குடோன் தராசின் ஐந்து கிலோ எடைக்கல்லை அவருடைய வலது கையில் கொடுத்தேன். மணிக்கட்டை மடக்கி மேலே, மெதுவாகக் கீழே. பத்து தடவை, கொஞ்சம் ஓய்வு, மறுபடி பத்து.

"இந்தக் கைக்கு ஒண்ணுமில்லீங்களே தம்பி?"

"அந்தக் கைக்குத்தாங்க அண்ணா இது."

நம்பாமல்தான் ஆரம்பித்தார். ஆனால் ஒருநாள்கூட விடவில்லை. ஆறு வாரம் கழித்துக் கட்டைப் பிரித்தபோது இடது கை மெலிந்து, தோல் உரிந்து, வெளுத்திருந்தது. தண்ணீர்ச் செம்பை எடுத்துப் பார்த்தார், கை நடுங்கியது, ஆனாலும் பிடித்துக்கொண்டது. செம்பை வைத்துவிட்டு எடைக்கல்லை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றினார். தூக்கவில்லை. மடியில் வைத்து விரல்களை அதன் வளையத்துக்குள் ஒவ்வொன்றாக நுழைத்து, மெல்ல மூடித் திறந்துகொண்டிருந்தார்.